தட்டல் முதலாளி தலையைத் தூக்காத ஏழு நாள்

ஒரு அட்டைப் பெட்டி நல்ல பெட்டியா என்று சோதிக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. தட்டல் முதலாளியிடம் இருந்தது ஒரு நடுவிரல். அதை மடக்கி, மூட்டால் ஒரு தட்டு. 'டம்' என்றால் லாரியில் ஏற்றலாம். 'டப்' என்றால் அட்டையில் ஈரம் இருக்கிறது, திரும்பக் காயப்போடு. இருபத்திரண்டு வருடமாக அந்த விரல் பொய் சொன்னதில்லை என்பதால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. விரலுக்கும் பழக்கம் விடவில்லை. பூசணிக்காயைத் தட்டுவார், டாக்டரின் மேஜையைத் தட்டுவார். புது சம்பந்தியைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டியவர், தட்டிவிட்டு ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டார் என்று அவர் மனைவியே சொல்வாள். கணக்கு டீச்சர் அவள். கூட்டிச் சொல்லும் பழக்கம் கிடையாது. எனக்கு உண்டு. இதில் எந்தெந்த இடத்தில் கூட்டினேன் என்று பிறகு கேட்காதீர்கள், மறந்துபோயிருக்கும்.

அவருடைய கம்பெனி நீளமான ஒரு தகரக் கொட்டகை. மூன்று மெஷின், முப்பத்தோரு ஆள். தரை முழுக்க மஞ்சள் பெயின்ட். ஒரு மூலையில் கண்ணாடி வைத்த அவருடைய அறை. காலை எட்டரைக்கு அந்த அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். பெட்டி வாங்க வந்தவர்கள் இல்லை, வேலை செய்கிறவர்கள். 'கேட்டுட்டுச் செய்யறேன்' என்பது அந்தக் கொட்டகையின் எழுதாத சட்டம். எந்தக் காகித ரீலை முதலில் மாட்டுவது, எந்த லோடு முதலில் கிளம்புவது, தரை துடைக்கிற வாளியைக் கதவுக்கு இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கம் வைப்பதா, எல்லாம் அவர் வாயால் வரவேண்டும். அவரும் சளைக்காமல் சொல்வார். வாளிக்குக்கூட ஒரு காரணம் வைத்திருப்பார்.

பசை கலக்குகிறவரை எல்லோரும் பசை அண்ணன் என்பார்கள். பதினெட்டு வருடமாகப் பசை கலக்குகிறார். அவரும் தினம் ஒரு குச்சியில் பசையைத் தொட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்.

"இந்தக் கெட்டி போதுமா முதலாளி?"

முதலாளி குச்சியைச் சாய்த்துப் பார்ப்பார். "இன்னும் அரை மக் தண்ணி விடு."

"சரிங்க முதலாளி."

திரும்பி வந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடமாட்டார். "ஏன் அண்ணே, உனக்குத் தெரியாத பசையா? எதுக்குப் போய் நிக்கறே?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்ப்பா. ஆனா நான் போய்க் கேக்கலைன்னா அவருக்கு அன்னைக்குச் சோறு இறங்காது" என்றாராம்.

அந்த வரிசையில் நிற்காத ஒரே ஆள் மை அக்கா. பெட்டி மேல் எழுத்தும் கோடும் அச்சடிக்கிற மெஷின் அவள் பொறுப்பு. முழங்கை வரைக்கும் ஒரு வாரம் நீலமாக இருப்பாள், மறு வாரம் சிவப்பாக. முதலாளி வயதுதான் அவளுக்கும். கூப்பிட்டால் வருவாள், கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் அதைவிட நிம்மதி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த முதலாளியை யாரோ நண்பர் ஒருவர், முதலாளிகளுக்கான முன்னேற்ற முகாம் ஒன்றுக்கு இழுத்துப் போனார். மூன்று நாள். பெரிய ஹோட்டலின் குளிரூட்டிய கூடம். கன்னத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு மைக்கை ஒட்டிக்கொண்டு ஒருவர் மேடையில் இங்கும் அங்கும் நடந்தபடி பேசினார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. நீங்க இல்லாத உங்க கம்பெனியை மனசுக்குள்ள பாருங்க" என்றார். தட்டல் முதலாளி மூடினார். மூடிய கண்ணுக்குள் மூன்று மெஷினும் நின்றுகிடந்தன. முப்பத்தோரு பேரும் வாளியைச் சுற்றி நின்று திருதிருவென்று முழித்தார்கள். அவருக்கு உள்ளூர அப்படி ஒரு திருப்தி.

"அந்தக் காட்சி உங்களுக்குப் பயமா இருந்தா, நீங்க இன்னும் தலைவர் ஆகலை" என்றார் மேடைக்காரர். நம்மவருக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால் பாஸாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய போஸ்டர்: 'நம்பு. ஒப்படை. நகர்ந்து நில்.' மறுநாளே அதை அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்டச் சொன்னார். பசை அண்ணன் ஒட்டினார்.

"கோணலா இருக்கே அண்ணே" என்றார் முதலாளி.

எடுத்து மறுபடி ஒட்டினார்.

"இப்ப அந்தப் பக்கம் கோணல். அட, நகருங்க. ஒரு போஸ்டரை நேரா ஒட்ட ஆள் இல்லை இந்தக் கம்பெனியில" என்று பிடுங்கிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறித் தானே ஒட்டினார். ஒப்படை என்று எழுதிய போஸ்டரை ஒருவரிடமும் ஒப்படைக்காமல் ஒட்டின மனிதர் என்று அன்று மதியச் சாப்பாட்டில் பேசிப் பேசி, தொட்டுக்கொள்ள ஊறுகாயே யாருக்கும் தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் கோடு வளைந்தது.

விளக்கு செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் பெட்டி. அதன் நான்கு பக்கமும் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு ஓடவேண்டும். முதலாளி கோடு பார்க்கிற விதம் தச்சர் பலகை பார்க்கிற மாதிரி: பெட்டியை மூக்குக்கு நேராகத் தூக்கி, இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் ஓரம் வழியே பார்ப்பார். பார்த்தார். கோடு நடுவில் பாம்பு மாதிரி நெளிந்தது.

"ஏம்மா, என்ன இது?"

மை அக்கா ஸ்கேலை வைத்துக் காட்டினாள். "நேராத்தானே சார் இருக்கு."

"ஸ்கேலே வளைஞ்சிருக்கு!"

அக்கா வேறு ஸ்கேல் கொண்டுவந்தாள். அதுவும் வளைந்திருந்தது. மூன்றாவதும். கம்பெனியில் இருக்கிற ஸ்கேல் எல்லாம் ஒரே நாளில் வளைந்துவிட்டது என்று நம்பிய உலகத்தின் முதல் முதலாளி அவர்தான். நானூறு பெட்டியை ஓரம் கட்டச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால், "கவனம் வேலையில இல்லை, வேற எங்கயோ இருக்கு" என்று வேறு ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அக்கா அச்சு விழுகிற ரப்பர் பிளேட்டைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, புதிதாக நானூறு அடித்தாள். அவையும் வளைந்தன. ஒரு மாதம் இப்படியே போயிற்று.

கடைசியில் ஒருநாள் அவளே அறைக்குள் வந்தாள். கூப்பிடாமல் வந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "இதுல கட்டம் கட்டமா கோடு இருக்கே, அதை நான் அடிக்கலை. அது நேரா இருக்கா சார்?" என்றாள்.

முதலாளி இடது கண்ணை மூடிப் பார்த்தார். பதினாலு, பதினஞ்சு, பதினாறு மூன்றும் தண்ணீரில் விழுந்த மாதிரி ஆடின.

"உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குப் போய்விட்டாள்.

கண் டாக்டர் அம்மா வெடுக்கென்று பேசுகிறவர். "வலது கண்ணுல, நடுப் பார்வை விழற இடத்துல ஒரு ஓட்டை. ஆபரேஷன் பண்ணி உள்ள காத்து மாதிரி ஒரு குமிழ் வெப்பேன். அது மேல மேலதான் போகும். நீங்க குனிஞ்சே இருந்தாத்தான் அது போய் ஓட்டையை அழுத்திப் பிடிக்கும். ஏழு நாள் முகம் தரையைப் பாத்தபடியே. படுத்தாலும் குப்புற, உக்காந்தாலும் குனிஞ்சு, நடந்தாலும் குனிஞ்சு. நடுவுல தலையைத் தூக்கி வேடிக்கை பாத்தீங்கன்னா அந்தக் கண்ணால இனிமே கோடு, எழுத்து, மனுஷ முகம் எதுவும் பாக்க முடியாது."

முதலாளி மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். "அடுத்த மாசம் வெச்சுக்கலாமா டாக்டர்? ஒரு பெரிய ஆர்டர்..."

"தாராளமா அடுத்த மாசம் வாங்க. காபி குடிச்சுட்டுப் பேசிட்டுப் போகலாம். கண்ணுக்குன்னா இந்த வாரம்."

கணக்கு டீச்சர் டைரியை எடுத்துத் தேதியை எழுதிக்கொண்டாள். அத்தோடு முடிந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் முதலாளி ஏழு நாளுக்குத் தேவையான பதில் எல்லாவற்றையும் எழுதிவைக்க உட்கார்ந்தார். நாற்பத்தாறு பக்கம் வந்தது. வாளிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். மை அக்காவுக்கு என்று ஒரு பக்கம் எடுத்து, 'அந்த நானூறு பெட்டி விஷயமாக' என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் ஒரு பெட்டி. மை அக்காவும் பசை அண்ணனும் சேர்ந்து செய்து அனுப்பியது. ஏழு அடுக்கு அட்டை, மேலே முகம் பதிகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை, ஓரம் உறுத்தாமல் இருக்கப் பஞ்சு, மூச்சு முட்டாமல் இருக்கப் பக்கத்தில் ஜன்னல். முதலாளி குப்புறப் படுத்து முகத்தை அதில் பதித்தார். சும்மா இருப்பாரா? கையை விட்டுத் தட்டினார். டம்.

"மடிப்பு கால் அங்குலம் தள்ளியிருக்கு" என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல்.

"சரிபாத்துக் கையெழுத்துப் போட்டு ரசீது தரச் சொல்லியா அனுப்பினாங்க?" என்றாள் டீச்சர். "பேசாம படுங்க."

போனைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கட்டுப் போடாத இடது கண்ணால் பார்த்தபடி முதல் நாள் முப்பத்தெட்டு அழைப்புகளுக்குப் பதில் சொன்னார். இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஒன்று. அதுவும் தவறிவந்த அழைப்பு, யாரோ பிளம்பரைத் தேடினார்கள். அவருக்கும் இவர் ஐந்து நிமிடம் யோசனை சொன்னார்.

நாலாம் நாள் ஒன்றுமே வரவில்லை.

"போன் கெட்டுப்போச்சா பாரேன்."

டீச்சர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள். போன் அருமையாக அடித்தது.

"அப்ப கம்பெனியிலதான் ஏதோ ஆயிடுச்சு. தீ கீ பிடிச்சு..."

"லோடு நேத்தே கிளம்பியாச்சாம். நான் கேட்டுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"நீங்க இல்லாம ஓடணும்னுதானே மூணு நாள் முகாமுக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்தீங்க? ஓடுது. இப்ப எதுக்கு முகத்தைத் தூக்கி வெச்சுக்கறீங்க?"

"நான் எங்க தூக்கி வெச்சேன்? பெட்டிக்குள்ளதானே இருக்கு!"

சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பசை அண்ணன் சொன்னது நிஜம்தான். யாரும் கேட்காவிட்டால் சோறு இறங்காது.

ஐந்தாம் நாள் காலை, போயே தீருவேன் என்று நின்றார். டீச்சர் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "பத்து நிமிஷத் தூரம்தானே, குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வரட்டும். நிமிர்ந்தா நீங்க பொறுப்பு" என்று பதில் வந்தது. "அரை மணி நேரம். என் கையை விடக் கூடாது. தலை தூக்கினா அங்கேயே திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரல் அது.

தெருவில் அவர் குனிந்துகொண்டே போனதைப் பார்த்து ஒரு பெரியவர், "என்ன தொலைச்சுட்டீங்க தம்பி?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கம்பெனி வாசலை அடைவதற்குள் ஏழு பேர் தரையைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அதில் ஒருவருக்குப் போன வருடம் தொலைத்த சாவி கிடைத்துவிட்டது. இன்றும் அவர் முதலாளியைப் பார்த்தால் கும்பிடுவார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மெஷின் சத்தம் காதில் விழுந்தது. கண்ணுக்கு எட்டியது தரை மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் மிதித்த தரையை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். மஞ்சள் பெயின்ட் மெஷின்களுக்குப் பக்கத்தில் பளிச்சென்று புதிதாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு சாம்பல் தடம் தேய்ந்து தேய்ந்து கிளம்பியது. அவர் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடத்தின் மேலேயே நடந்தார். அது வளைந்து, இன்னொரு தடத்தோடு சேர்ந்து, அகலமாகி, ஒரு இடத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் பெயின்ட்டே இல்லை. சிமென்ட்டும் தேய்ந்து, தட்டு மாதிரி லேசாகக் குழிந்திருந்தது.

"இது எந்த இடம்?" என்றார்.

"உங்க ரூம் வாசல்" என்றாள் டீச்சர்.

குழிவில் நான்கு நாள் தூசி மெல்லியதாகப் படிந்திருந்தது. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை. முதலாளி அங்கேயே நின்றார். இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் நடந்து வந்து, நின்று, காத்திருந்து, திரும்பிப் போயிருக்கிறார்கள். மெஷின் ஓடின நேரத்தைவிட இந்த வாசலில் கால் மாற்றி மாற்றி நின்ற நேரம் அதிகமோ என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. பெருமையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பெருமையாக இல்லை.

அந்த நேரம் பார்த்து அச்சு மெஷினில் ஒரு சத்தம். டக். ஒரு சுற்று கழித்து மறுபடி டக்.

அது எதனால் வருகிற சத்தம் என்று அவருக்குத் தெரியும். உருளையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. இன்னும் பத்துச் சுற்றுப் போனால் பிளேட் கிழியும். கழுத்து தானாகவே எழும்பியது.

"தலை!" என்று கத்தினாள் மை அக்கா.

"தலை! தலை!" கொட்டகை முழுக்க முப்பத்தோரு குரல். பசை அண்ணன் ஓடிவந்து முதலாளியின் பிடரியில் கையை வைத்து அழுத்தியேவிட்டார். பதினெட்டு வருட மரியாதை ஒரு நொடியில் பறந்தது. பசை ஈரம் சட்டைக் காலரில் இறங்கியது.

"உருளையில..." என்று முதலாளி தரையிடம் ஆரம்பித்தார்.

"எனக்கும் காது இருக்கு சார்" என்றது அக்காவின் குரல்.

மெஷின் நின்றது. அவர் பார்வைக்குள் அக்காவின் இரண்டு பாதங்கள் வந்தன. ஒரு செருப்பின் வார் அறுந்து, பெட்டி தைக்கிற கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. பாதங்கள் குதிகாலைத் தூக்கின, இறங்கின, இரண்டடி நகர்ந்தன, மறுபடி எம்பின. துணி உரசுகிற சத்தம். முதலாளியின் வாயில் ஒன்பது யோசனைகள் வரிசையில் நின்றன. இடது பக்கம் முதல்ல கழட்டு, கத்தி வெச்சுச் சுரண்டாதே, மண்ணெண்ணெய் துணி எடு. பல்லைக் கடித்து எல்லாவற்றையும் உள்ளேயே நிறுத்திவைத்தார். கண் ஆபரேஷன்கூட அவ்வளவு வலிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

ஆறு நிமிடத்தில் மெஷின் மறுபடி ஓடியது. டக் இல்லை.

யாரோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவர் கைக்கு நேராகக் கீழே நீட்டினார்கள். தட்டினார். டம். இடது கண்ணால் கோட்டைப் பார்த்தார். நேராக இருந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி அவ்வளவு நேர். கிழித்துப் பையில் போட்ட அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா... அந்த நானூறு பெட்டி. கோடு நேராத்தான் இருந்துச்சு. கவனம் எங்கயோன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது... என் தப்பு."

எல்லாக் கால்களும் நின்ற இடத்திலேயே நின்றன.

"தெரியும் சார்" என்றாள் அக்கா. "டாக்டர் குனியச் சொன்னதால குனிஞ்சிருக்கீங்க. இருந்தாலும் பரவாயில்லை, எனக்காகத்தான் குனிஞ்சீங்கன்னு வெச்சுக்கறேன்."

பசை அண்ணன்தான் முதலில் பொங்கினார். பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்துவிட்டார், தோள் குலுங்கக் குலுங்க.

"சிரிக்காதீங்க, தலை ஆடுது!" என்று அதட்டினாள் டீச்சர். அரை மணி முடிந்திருந்தது.

மீதி இரண்டு நாளும் அவர் போனைத் தொடவில்லை. எட்டாம் நாள் டாக்டர் அம்மா கட்டைப் பிரித்து, விளக்கடித்துப் பார்த்து, "ஓட்டை மூடிக்கிச்சு. பரவாயில்லையே, சொன்ன பேச்சுக் கேட்டிருக்கீங்க" என்றார். குமிழ் கரைய இன்னும் சில வாரமாகும், அதற்குப் பிறகும் கோடு எங்காவது லேசாக வளைந்து தெரியலாம், மெல்ல மெல்லச் சரியாகும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் ஆயிற்று. கம்பெனிக்குத் திரும்பிய பிறகு காலை வரிசை இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிட்டது. பசை அண்ணன் மட்டும் குச்சியோடு வருவதை நிறுத்தவில்லை. பாவம், திடீரென்று நிறுத்தினால் மனிதர் தாங்கமாட்டார் என்று. அடிக்கடி எதிர்த் திசையில் ஒரு நடை நடந்தது. முதலாளி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அச்சு மெஷினுக்குப் போய் நிற்பார். "ஏம்மா, எனக்கு இங்க கொஞ்சம் நெளியற மாதிரி இருக்கு. நிஜமா, இல்லை என் கண்ணா?" அக்கா கை வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அவர் காத்திருப்பார். "கண்ணுதான் சார்" என்பாள். திரும்பிவந்துவிடுவார். வாளி இப்போது கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அறையை விட்டு வெளியே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். 'நம்பு. ஒப்படை. நகர்ந்து நில்.' போஸ்டர் ஒரு பக்கம் இறங்கித் தெரிந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது என் கண்ணா, போஸ்டரா?"

அக்கா ஸ்கேலை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"போஸ்டர்தான் சார். நீங்க ஒட்டின அன்னைக்கே கோணல்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அப்ப நீங்க கேக்கலையே சார்" என்றாள் அவள். "எடுத்து நேரா ஒட்டித் தரவா?"

முதலாளி போஸ்டரை இன்னொரு தடவை பார்த்தார். மடக்கிய விரலால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"வேணாம். இருக்கட்டும்."

இன்றும் அது அங்கே அப்படியேதான் இருக்கிறது, வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கி.